ரிட்சுரின் தோட்டத்துக்கு இலை சிவக்குற நேரத்துல போறீங்களா? டீயை காலையிலயே குடிச்சிருங்க

ஜப்பான்ல மேப்பிள் இலை சிவக்குறத பாக்கணும்னா எல்லாரும் கியோட்டோவுக்குத்தான் போறாங்க, அதுவும் அழகுதான், ஆனா கூடுதலா ஒரு நாள் கையில இருந்தா ஷிகோகு தீவுல தகமட்சு ஊருக்கு வந்து ரிட்சுரின் தோட்டத்த பாத்துட்டு போங்க. ஒகயாமா நகரத்துல மரைன் லைனர் ரயில் ஏறுனா கடலுக்கு மேல பாலத்துலயே போய் ஒரு மணி நேரத்துக்குள்ள தகமட்சு வந்துரும். அங்க இருந்து கோதோதென்ங்கிற உள்ளூர் ரயில்ல ரிட்சுரின்-கோஎன் ஸ்டேஷன்ல இறங்கி ஒரு பத்து நிமிஷம் நடந்தா கிழக்கு வாசல்.

எப்ப போகணும்னா நவம்பர் கடைசி வாரத்துல இருந்து டிசம்பர் முதல் வாரம் வரைக்கும், வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் முன்ன பின்ன ஆகும். கேட்டு சூரியன் உதிக்குற நேரத்தை ஒட்டி திறப்பாங்க, சாயும்போது மூடிருவாங்க. இந்த விஷயத்துலதான் நிறைய பேர் தப்பு பண்றாங்க. தோட்டத்துக்கு மேற்குல ஷியுன் மலை ஒட்டியே நிக்குது, அதனால இந்த சீசன்ல மதியம் மூணு மணி தாண்டுனாலே வெயில் மலைக்கு பின்னாடி இறங்கிரும், குளமும் இலையும் நிழல்ல மங்கிப்போயிரும். மதிய சாப்பாட்ட முடிச்சுட்டு நிதானமா போலாம்னு மட்டும் நினைக்காதீங்க. காலையில கிழக்கு வெளிச்சம் நேரா மலை மேலயும் மரத்து மேலயும் விழும்போதுதான் இந்த இடத்தோட நிறமே தெரியும்.

உள்ள போனதும் கிழக்கு வாசல்லயே படகு டிக்கெட் வாங்கிருங்க, சின்ன மரப்படகுல தெற்கு குளத்த சுத்தி காட்டுவாங்க, ஒரு தடவைக்கு சில பேருக்குத்தான் இடம், இந்த சீசன்ல சீக்கிரம் தீந்துரும். அப்புறம் தெற்கு பக்கம் நடங்க. ஹிராய்ஹோன்னு ஒரு சின்ன மேடு, ஃபுஜி மலை மாதிரி அமைச்சது, அது மேல ஏறி மேற்க பாத்தா வளைஞ்ச எங்கெட்சு மரப்பாலம், குளம், அந்தாண்ட டீ வீடு, அதுக்கும் பின்னாடி மலைன்னு எல்லாம் ஒரே பார்வையில வரும். மலை தோட்டத்துக்குள்ள வெச்ச மாதிரியே இருக்கும், அப்படி தெரியணும்னுதான் கட்டுனவங்க திட்டம் போட்டாங்க. ஃபோட்டோ எடுத்துட்டு உடனே இறங்கிராதீங்க, கொஞ்ச நேரம் நின்னு பாருங்க.

அடுத்து நேரா கிகுகெட்சுதெய் டீ வீடு, ஒம்பது மணி வாக்குல திறக்கும்போதே போயிருங்க. தகமட்சுவ ஆண்ட மட்சுதைரா பிரபுக்கள் வந்து உக்காந்து டீ குடிச்ச இடம் இது. தண்ணிய கையில அள்ளுனா நிலாவும் கையில இருக்கும்னு சீனாவோட தாங் காலத்து கவிதை ஒண்ணு இருக்கு, அதுல இருந்து எடுத்த பேருதான் கிகுகெட்சு. எந்த பக்கம் பாத்தாலும் முன்பக்கம் மாதிரிதான் இருக்கும், கதவ தள்ளி விட்டுட்டா சுவரே இல்லாம குளத்து மேல உக்காந்திருக்குற மாதிரி. தோட்டத்து டிக்கெட் வேற, இங்க தனியா காசு கட்டணும், டீயும் அதுல வரும். செருப்ப கழட்டித்தான் ஏறணும், தரை குளிரும், நல்ல கனமான சாக்ஸ் போட்டுட்டு போங்க, பாயோட துணி விளிம்புல கால் வைக்காம தாண்டி நடங்க. முட்டி போட்டு உக்கார முடியலன்னா சம்மணம் போட்டுக்கலாம், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

மாட்சா, அதாவது பச்சை டீத்தூள கலக்கி செய்யுற டீ, வரும்போது கூட சின்ன இனிப்பு ஒண்ணு வரும், பெரும்பாலும் சிவப்பு பயறு பூரணம் வெச்சது, நம்ம கொழுக்கட்டை பூரணத்த நெனச்சுக்கோங்க. இனிப்ப முதல்ல சாப்ட்டு முடிங்க, டீக்கு நடுவுல கடிச்சு கடிச்சு சாப்புடாதீங்க, நாக்குல அந்த இனிப்பு இருக்கும்போதே கசப்பு மாட்சா இறங்குனாத்தான் ருசி. கிண்ணத்த ரெண்டு கையால எடுத்து, இடது உள்ளங்கையில வெச்சு, வலது கையால கொஞ்சம் திருப்பிக்கோங்க, கிண்ணத்தோட அழகான முன்பக்கத்துல வாய் வைக்கக்கூடாதுன்னு ஒரு மரியாதை அது. மூணு நாலு மடக்குல குடிக்கலாம், கடைசி மடக்க சத்தமா உறிஞ்சலாம், குடிச்சு முடிச்சேன்னு அர்த்தம். குடிச்சுட்டு உடனே எந்திரிக்காதீங்க, அரை மணி நேரமாவது உக்காருங்க. காத்து அடிச்சா இலை தண்ணியில விழும், கெண்டை மீன் மேல வந்து பாத்துட்டு போகும், எனக்கு மொத்த பயணத்துலயும் மனசுல நின்னது அந்த அரை மணி நேரம்தான்.

பைன் மரங்களையும் மறந்துராதீங்க, சுமார் 1400 நிக்குது, அதுல ஆயிரத்த இன்னைக்கும் தோட்டக்காரங்க கையாலதான் வெட்டி வளக்குறாங்க. டீ வீட்டுக்கு பக்கத்துலயே வேர் மேல தூக்கி நிக்குற ஒரு பைன் இருக்கு, 1833ல அப்போ ஜப்பான ஆண்ட ஷோகுன் தொகுகவா இயெநாரி பரிசா குடுத்த போன்சாய் (தொட்டில வளக்குற குட்டி மரம்), அத மண்ணுல நட்டு இன்னைக்கு பெரிய மரமாவே ஆயிருச்சு.

சைவமா இருந்தா ஒரு விஷயம், இந்த ஊர் உடோன்ங்கிற தடிமனான கோதுமை நூடுல்ஸுக்கு பேர் போனது, ஆனா அந்த சூப்புல பெரும்பாலும் மீன் சேத்துருப்பாங்க, கேட்டுட்டு ஆர்டர் பண்ணுங்க. நவம்பர் கடைசில சில நாள் ராத்திரியும் திறந்து விளக்கு போடுவாங்க, தேதி வருஷா வருஷம் மாறும், போறதுக்கு முன்னாடி பாத்துக்கோங்க. அந்த நாள்ல மாட்டுனீங்கன்னா காலையில டீ குடிச்சுட்டு ரூமுக்கு போய் தூங்கி எந்திரிச்சு இருட்டுனதும் மறுபடி வாங்க, தெற்கு குளத்தோரத்துல மேப்பிள் வரிசை கருப்பு தண்ணியில தலகீழா சிவப்பா தெரியும்.