மின்கோளாறுள்ள பழைய டிராக்டரை வாங்குமுன்
மின்கோளாறுள்ள பழைய டிராக்டர் மலிவாகக் கிடைத்தால், விற்பவர் முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைக்காத காலை வேளையில், வோல்ட்டை அளக்கும் ஒரு மல்டிமீட்டருடன் சென்று பாருங்கள். எஞ்சின் ஓடாதபோது 12 வோல்ட் பேட்டரியில் ஏறத்தாழ 12.6 வோல்ட் இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது அது 9.6க்குக் கீழே விழுந்தால், பேட்டரி தளர்ந்திருக்கலாம், அல்லது ஸ்டார்ட்டர் மோட்டார் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கலாம். எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி உயராவிட்டால், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையோ அதன் வயரிங்கையோ சந்தேகிக்க வேண்டும். பழைய டீசல் எஞ்சின்கள் பெரும்பாலும் பேட்டரியின்றியும் ஓடக்கூடியவை என்பதால், தள்ளி ஸ்டார்ட் செய்து காட்டுவதை நம்பிவிடாதீர்கள். பேட்டரியை வண்டியின் இரும்பு உடலோடு இணைக்கும் எர்த் வயரின் முனையில் படிந்த துருவைச் சுரண்டுவது சில நிமிட வேலைதான். ஆனால் எலி கடித்து, டேப் சுற்றி ஒட்டுப்போட்ட வயரிங் என்றால், முழுவதையும் மாற்றும் செலவை மெக்கானிக்கிடம் கேட்டறிந்து, விற்பவர் முகம் சுளித்தாலும் அதைக் கழித்தே விலை பேசுங்கள்.