வாடையை அடைத்த பிறகே சாம்பிராணி: மழைக்காலத்தில் வீட்டை மணமாக வைத்திருக்கும் முறை

சென்னையில் ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் ஜன்னல்களை நாள் முழுவதும் சாத்தி வைக்க வேண்டியிருக்கிறது. துணிகள் கூடத்துக் கொடியிலேயே காய்கின்றன. ஓரிரு நாளில் வீட்டுக்குள் ஒரு புழுங்கிய வாடை குடியேறிவிடுகிறது. நறுமணத் தெளிப்பான் அடித்தால் சிறிது நேரம் மல்லிகையும் வாடையும் சேர்ந்து வீசும், பிறகு வாடை மட்டும் மிஞ்சும். இங்கே சொல்லும் முறைக்கு வேண்டிய பொருள்கள் மளிகைக் கடையிலும் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும். ஆனால் வரிசையை மாற்றக் கூடாது. மணம் போடுவது கடைசியில்தான்.

படி 1: வாடை வரும் இடத்தைக் கண்டுபிடித்தல்

வீட்டுக்குள்ளேயே இருப்பவரின் மூக்குக்கு அந்த வாடை பழகிப்போயிருக்கும். எனவே இரவு முழுவதும் பூட்டிக் கிடந்த வீட்டிலிருந்து காலையில் வெளியே சென்று, கால் மணி நேரமாவது நடந்துவிட்டுத் திரும்பி, நேராகக் குளியலறை, சமையலறைத் தொட்டி, துணி அலமாரி என்று ஒவ்வொன்றாக முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை போன்ற வாடை என்றால் அது சாக்கடைக் குழாயிலிருந்து வருவது. மண்ணும் பழைய காகிதமும் கலந்தது போன்ற வாடை என்றால் பூஞ்சை.

படி 2: தரைக் குழியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்தல்

என்னை அதிகம் அலைக்கழித்தது இந்தப் படிதான். குளியலறைத் தரையில் தண்ணீர் இறங்கும் குழிக்கு அடியில், பிளம்பர்கள் நஹானி டிராப் என்று சொல்லும் அமைப்பு இருக்கிறது. அதில் சுமார் 50 மில்லிமீட்டர் உயரத்துக்கு எப்போதும் தண்ணீர் தேங்கி நின்று, சாக்கடைக் காற்று மேலே வராமல் தடுக்கும். விருந்தினர் வந்தால் மட்டும் திறக்கும் குளியலறையில் இந்தத் தண்ணீர் சில வாரங்களில் வற்றிவிடும். அதன் பிறகு சாக்கடைக்கும் படுக்கையறைக்கும் இடையே தடுப்பு என்று ஒன்றும் இல்லை.

இதற்கு ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினால் போதும் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். எங்கள் வீட்டில் தினமும் ஊற்றியும் வாடை போகவில்லை. சல்லடை மூடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி எடுத்து, கைப்பேசி விளக்கை அடித்துப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. மூடிக்குக் கீழே, தண்ணீருக்குள் விளிம்பு மூழ்கும்படி கவிழ்ந்திருக்க வேண்டிய சிறு கிண்ணம் அங்கே இல்லை. காக்ரோச் டிராப் என்று விற்கப்படும் வகையில் அந்தக் கிண்ணமே தடுப்பு. தண்ணீர் மெதுவாக இறங்குகிறது என்று எப்போதோ யாரோ அதைக் கழற்றி எடுத்திருக்கிறார்கள். கிண்ணம் இல்லாமல் எத்தனை குவளை ஊற்றினாலும் பயன் இல்லை. ஹார்டுவேர் கடையில் குழியின் அளவைச் சொல்லி, துருப்பிடிக்காத எஃகில் செய்த முழுத் தொகுப்பாக வாங்குங்கள். பிளாஸ்டிக் வகையின் விளிம்பு சீக்கிரம் விண்டுவிடுகிறது. பொருத்துவதற்கு முன் குழிக்குள் சேர்ந்த முடியையும் சோப்புக் கசடையும் பழைய பல் துலக்கியால் சுரண்டி எடுக்க வேண்டும். அதிகம் புழங்காத குளியலறையாக இருந்தால், தண்ணீர் ஊற்றியபின் ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டு வையுங்கள். எண்ணெய் மேலே படர்ந்து, தண்ணீர் ஆவியாவதைத் தாமதப்படுத்தும்.

கை கழுவும் தொட்டியின் கீழே மடிப்பு மடிப்பான வேஸ்ட் பைப் நேராகச் சுவருக்குள் போகிறதென்றால் அங்கும் இதே கதைதான். குழாயை ஆங்கில ‘யு’ எழுத்துப் போல வளைத்துக் கட்டிவிட்டால், வளைவில் தண்ணீர் நின்று காற்றை அடைத்துவிடும்.

படி 3: சமையலறை

மீன் வாடைக்குப் புளியை மிஞ்சியது எதுவும் இல்லை. அந்த வாடைக்குக் காரணமான டிரைமெத்திலமைன் காரத்தன்மை உடையது. புளியின் அமிலம் அதை ஆவியாகாத உப்பாக மாற்றிவிடுகிறது. குழம்புக்குக் கரைத்து மிஞ்சிய புளிச்சக்கையைக் கொண்டே அரிவாள்மனை, சட்டி, தொட்டி எல்லாவற்றையும் தேய்த்துவிடலாம். சமையல் சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கொட்டும் வழக்கத்தை நான் பரிந்துரைப்பதில்லை. நுரை பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொண்ட பின் மிஞ்சுவது பெரும்பாலும் உப்புத் தண்ணீர்தான். சோடாவைத் தனியாக ஒரு கிண்ணத்தில் திறந்து குளிர்சாதனப் பெட்டிக்குள் வையுங்கள்.

படி 4: துணி அலமாரி

வெளிச்சுவரை ஒட்டி நிற்கும் அலமாரியை நான்கு விரல் அளவு முன்னே இழுத்துவிட்டால், பின்புறம் காற்று ஓடிப் பூஞ்சை குறையும். உள்ளே ஒரு கிண்ணத்தில் கல்லுப்பு வைக்கலாம். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டும்போது உப்பு ஈரத்தை இழுத்துக் கசியத் தொடங்கும். அதை வாணலியில் வறுத்து மீண்டும் வைக்கலாம். சிறிய அலமாரிக்குத்தான் இது உதவும், அறை முழுவதற்கும் போதாது. மணத்துக்கு, கடலூர்ப் பக்கத்து மணல் நிலங்களில் விளையும் வெட்டிவேரை நன்கு காய்ந்த நிலையில் சிறு கட்டாகக் கட்டி, சேலைகளுக்கு இடையில் வையுங்கள். நனைத்த வெட்டிவேர் கோடையில் ஜன்னலில் தொங்குவதற்கு உரியது. அலமாரிக்குள் வைத்தால் ஈரத்தை நாமே கொண்டுபோய் வைத்ததாகிவிடும். பாச்சை உருண்டையைத் தவிர்த்துவிடுங்கள், குறிப்பாகக் கைக்குழந்தை உள்ள வீட்டில். அதிலுள்ள நாஃப்தலீன், சில குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்கள் சிதையக் காரணமாகிறது.

படி 5: சாம்பிராணி

கம்ப்யூட்டர் சாம்பிராணி எனக்குப் பிடிப்பதில்லை. பிசின் மணத்தைவிடச் செயற்கை வாசனையே அதில் தூக்கலாக இருக்கிறது. கட்டிச் சாம்பிராணியை வாங்கிப் பொடித்துக்கொள்ளுங்கள். காய்ந்த கொட்டாங்குச்சித் துண்டை இடுக்கியால் பிடித்து அடுப்பில் பற்றவைத்து, தூபக்காலில் போட்டு, பால்கனியில் வைத்துவிடுங்கள். சுடர் முழுவதும் அடங்கி, கனலின் மேல் சாம்பல் நரைத்துப் படியும் வரை பொறுத்திருக்க வேண்டும். சுடர் எரியும்போதே பொடியைத் தூவினால் பிசின் தீப்பிடித்துக் கரும்புகையைக் கக்கும், சுவரிலும் கரி படியும். சாம்பல் படிந்த கனலில் ஒரு சிட்டிகை போட்டால் பொடி முதலில் உருகிப் பளபளக்கும், பிறகு வெண்புகை எழும். ஜன்னலைச் சற்றே திறந்து வைத்து, அறை அறையாகக் காட்டிவிட்டு, தூபக்காலை வெளியே வைத்துவிடுங்கள். மூடிய அறையில் கனலை விட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். ஆஸ்துமா உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இந்தப் படியே வேண்டாம்.

பின்சேர்க்கை: கிண்ணத்தை மாற்றிய பிறகும் வாடை வருவதாகச் சில வாசகர்கள் எழுதியிருந்தார்கள். அவர்களுடைய வீடுகளில், துணி துவைக்கும் இயந்திரத்தின் குழாயைச் செருகுவதற்காகச் சல்லடை மூடியைக் கழற்றிவிட்டிருந்தார்கள். குழாய் நுழைய நடுவில் துளையுள்ள மூடி தனியாகவே விற்கிறது. அதை வாங்கிப் பொருத்தி, குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியைப் பழைய சைக்கிள் டியூப்பின் ஒரு துண்டால் இறுக்கிக் கட்டிவிடுங்கள்.