ஆற்றோரத் தோட்டப் பட்டணத்தின் வயதைக் கணிப்பது எப்படி

மலேசியாவில் ரப்பர், செம்பனைத் தோட்டங்களை ஒட்டி வளர்ந்த தோட்டப் பட்டணத்தின் வரலாற்றை எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் கோயில் வாசல் பலகையில்தான் தொடங்குகிறார்கள். அதில் உள்ள ஆண்டையே ஊர் பிறந்த ஆண்டாக எழுதியும் விடுகிறார்கள். முதல் பிழை அங்கேயே விழுந்துவிடுகிறது. படகுத்துறைக்கு ஒரு வயது, தோட்டத்துக்கு ஒரு வயது, கடைவரிசைக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று. நான்கையும் தனித்தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும். இங்கே சிலாங்கூர் ஆற்றங்கரையில் உள்ள பத்தாங் பெர்ஜுந்தையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். மற்ற ஆற்றோர ஊர்களுக்கும் இதே முறைதான்.

முதல் நாள் வேலை பெயர்ப்பட்டியல். ஒவ்வோர் இடத்துக்கும் மூன்று பத்தி போடுங்கள்: அரசாங்கப் பெயர், கம்பெனி வைத்த பெயர், தோட்டத்துச் சனங்கள் சொன்ன பெயர். பத்தாங் பெர்ஜுந்தை என்றால் மலாயில் தொங்கும் மரக்கட்டை. 2007இல் அது பெஸ்தாரி ஜெயா ஆனது. புதுப் பெயரை மட்டும் வைத்துப் பழைய தாள்களில் தேடினால் ஒன்றும் அகப்படாது. பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தின் பெயர் தமிழ். புகழ் மட்டும் செம்பனைக்கு. பிரெஞ்சுத் தோட்ட முதலாளி ஹென்ரி ஃபோக்கோனியே 1917இல் அங்கே நட்டதுதான் நாட்டின் முதல் வணிகச் செம்பனை. ஆனால் அவர் 1905இலேயே அதே ஆற்றோரம் ரந்தாவ் பாஞ்சாங்கில் குடியேறிவிட்டார். ஆக 1917 என்பது பயிரின் ஆண்டு. அதை ஊரின் தலையில் கட்டக் கூடாது.

'எட்டாங்கட்டை', 'பத்தாங்கட்டை' போன்ற பெயர்களையும் விடாதீர்கள். கட்டை என்றால் மைல்கல், ஒரு மைல் 1.609 கிலோமீட்டர். எட்டாங்கட்டை என்றால் ஏறக்குறைய 12.9 கிலோமீட்டர். எந்த ஊரிலிருந்து எண்ணியது என்று கேட்டு எழுதாவிட்டால் அந்த எண் உதவாது.

அடுத்தது ஆறு. சாலை வந்த பிறகு ஊர் முகம் திருப்பிக்கொண்டது. இன்று கடைகளின் பின்புறமாக இருப்பது ஒரு காலத்தில் முன்வாசலாக இருந்திருக்கலாம். கரைக்குப் போய், கடைவரிசையின் பின்னால் படிக்கட்டு, கட்டுத்தூண், பழைய ஜெட்டியின் மரக்குத்துகள் தெரிகின்றனவா என்று பாருங்கள். நீர் தாழ்ந்திருக்கும் நேரமே ஏற்றது. பிறகு எல் 7010 வரிசை நிலப்படத்தைத் தேடுங்கள். அதன் அளவு 1:63,360, அதாவது ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல். அதை இன்றைய படத்தின்மேல் பொருத்தும்போது நகராத மூன்று புள்ளிகளை எடுங்கள்: பழைய சாலைச் சந்தி, குன்றின் உச்சி, ரயில் பாலம் போன்றவை. ஆற்று வளைவைப் புள்ளியாக எடுத்தால் முழுப் படமும் கோணலாகும், ஏனென்றால் நகர்ந்ததே ஆறுதான்.

இந்த வட்டாரத்தில் இன்னொரு சிக்கல், வெள்ளீயம் தோண்டிய இடத்தில் நீர் தேங்கிய ஈயக்குட்டை. ஈய வாரிக் கப்பல் (ஈய மண்ணை அள்ளும் மிதவை இயந்திரம்) ஓடிய குட்டைகளைப் பழைய ஆற்று வளைவு என்று நினைத்துவிடுவார்கள். பக்கத்தில் புல்லும் சரியாக முளைக்காத வெள்ளை மணல் மேடு இருந்தால் பெரும்பாலும் குட்டைதான். மேல்நிலத்து ஈயம் ஆற்றையே மாற்றிய கதையும் உண்டு. இதே ஆற்றின் மேற்பகுதியில் உள்ள கோல குபுவில் 1883இல் அணை உடைந்தது. பின்னர் சுரங்க மண் படிந்து வெள்ளம் தொடர்ந்ததால் ஊரையே கோல குபு பாருவுக்கு மாற்றினார்கள். கீழே உள்ள ஊரைப் பற்றி எழுதுபவர் மேலே நடந்ததையும் படிக்க வேண்டும்.

இனி கல்வெட்டு. நேரம் அதிகம் பிடிக்கும் வேலை, பிழையும் இங்கேதான் அதிகம்.

கோயில் கல்லில் தமிழ் ஆண்டுப் பெயர் மட்டும் இருந்தால் அறுபதாண்டுச் சுற்றில் கணக்கிடுங்கள். முதல் ஆண்டான பிரபவ 1867, 1927, 1987 ஆகிய ஆண்டுகளின் சித்திரையில் தொடங்கியது. துந்துபி 56ஆவது, எனவே 55 கூட்ட வேண்டும்: 1922 அல்லது 1982. தை, மாசி, பங்குனி மாதம் என்றால் இன்னும் ஒன்று கூட்டுங்கள். இரண்டில் எது என்பதற்குத் துணைச்சான்று தேவை. கல்லில் 'மலேசியா' என்று இருந்தால் 1963க்கு முன் போக முடியாது. துதிக்கை வளைந்த பழைய லை, னை இருப்பதை மட்டும் வைத்து 1922 என்று முடிவு கட்டாதீர்கள். எழுத்துச் சீர்திருத்தம் தமிழ்நாட்டிலேயே 1978இல்தான் வந்தது. கல் வெட்டியவர் கை அதற்குப் பிறகும் பழைய வழக்கத்தில் ஓடியிருக்கும். தமிழ் எண்ணில் ௨ இரண்டைக் குறிக்கும். தலைப்பில் தனியாக இருந்தால் அது பிள்ளையார் சுழி. அதையும் ஆண்டோடு சேர்த்துப் படித்தவர்கள் உண்டு.

கும்பாபிஷேகக் கல் கோயிலின் பிறப்புச் சான்று அல்ல. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை குடமுழுக்கு நடக்கும் கோயிலில் மூன்றாவது கல்தான் மிஞ்சியிருக்கும். முதல் இரண்டும் பூச்சுக்குள் மறைந்திருக்கலாம்.

சீனக் கடை முகப்பில் சீனக் குடியரசு ஆண்டு இருந்தால் 1911 கூட்டுங்கள், அதற்கு முந்திய குவாங்சு பேரரசரின் ஆண்டு என்றால் 1874. தோட்டத் தாள்களில் 2602, 2603 என்று கண்டால் அது சப்பான் ஆண்டுக் கணக்கு: 660 கழித்தால் 1942, 1943.

தேய்ந்த கல்லில் சுண்ணக்கட்டி, மாவு, கம்பித்தூரிகை எதுவும் வேண்டாம். காலை ஏழரைக்குள் போங்கள், அல்லது டார்ச்சைப் பக்கவாட்டில் கல்லோடு ஒட்டிப் பிடியுங்கள். நிழல் விழுந்ததும் எழுத்து தெரியும். நேராகப் பிளாஷ் அடித்தால் இருக்கிற எழுத்தும் மறையும்.

பள்ளிப் பலகையையும் இதே சந்தேகத்தோடு பாருங்கள். பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்றது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். அப்போது ஆயக்கொட்டகையை (பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) ஒட்டிய ஒரு கொட்டகையே பள்ளியாக இருந்திருக்கலாம். பலகையில் உள்ளது பதிவு ஆண்டா, கட்டட ஆண்டா என்று கேளுங்கள். சேர்க்கைப் பதிவேட்டின் முதல் பக்கம் கிடைத்தால் பலகையை மறந்துவிடலாம்.

செய்தித்தாளுக்குச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பு இலவசம். அரசாங்கக் கோப்புகளுக்குக் கோலாலம்பூர் அர்கிப் நெகாரா, அதாவது தேசிய ஆவணக் காப்பகம். மலாய் எழுத்துமுறை 1972இல் மாறியது. அதனால் கம்போங், தஞ்சோங், சுங்கெய், உலு என்ற பழைய எழுத்துக்கூட்டிலும் தேடுங்கள்.

பெரியவர்களிடம் "எந்த வருசம்?" என்று கேட்காதீர்கள். சப்பான்காரன் வருவதற்கு முன்பா, அவசரகாலத்தில் முள்வேலி போட்ட காலமா, தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடலுக்கு அப்புறமா என்று கேளுங்கள். பெரிய தாளில் லயங்களை (வரிசை வீடுகளை) வரையச் சொல்லி, தண்ணிக்குழாய், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களம், கள்ளுக்கடை, ரப்பர் பால் ஸ்டோர், கிராணி (எழுத்தர்) வீடு எங்கே என்று குறிக்கச் சொல்லுங்கள். இருவரை ஒன்றாக உட்கார வைத்தால் ஒருவர் கையை மற்றவர் திருத்துவார். முக்கால் மணி நேரத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். அடையாள அட்டையில் உள்ள பிறந்த நாள் சிலருக்குக் குத்துமதிப்பாகப் போட்டது, அதை வைத்து ஆண்டு கணிக்காதீர்கள்.

வெள்ள அடையாளத்தைத் தரையிலிருந்து சென்டிமீட்டரில் அளந்து எழுதுங்கள். தரையே பிறகு உயர்த்தப்பட்டதா என்று கேட்காமல் விட்டால் 1971 வெள்ளம் முழங்காலுக்கு வந்ததாக ஆகிவிடும்.

ஒவ்வோர் அடையாளத்துக்கும் ஓர் அட்டை: மூன்று பெயர், ஐந்து தசம இடம் வரை இருப்பிட எண், நான்கு பக்கப் படம், மீட்டர் கோலோடு ஒரு கிட்டப் படம், சொன்னவர் யார், எப்போது சொன்னார். தோட்டம் தனியார் நிலம், ஆபீசில் கடிதம் கொடுத்துவிட்டே உள்ளே போங்கள். கைவிட்ட ரப்பர் புகைக்கொட்டகையில் பாம்பு இருக்கும், பூட்ஸ் இல்லாமல் நுழையாதீர்கள். முடித்த அட்டைகளில் ஒரு படி பள்ளிக்கு, ஒன்று கோயில் நிர்வாகத்துக்கு, ஒன்று ஊருக்கு வெளியே வேறெங்காவது, ஏனென்றால் முதல் இரண்டும் ஆற்றோரத்தில்தான் இருக்கின்றன.