பழைய கணினியில் சி டிரைவ் நிரம்பிவிட்டதா?

விண்டோஸ் 10 இயங்கும் பழைய வீட்டுக் கணினியில் சி டிரைவ் சிவப்பு நிறம் காட்டியவுடன் பலரும் குடும்பப் படங்களை அழிக்கத் தொடங்குகிறார்கள். முதலில் கை வைக்க வேண்டிய இடம் அதுவன்று. ஸ்டார்ட் மெனுவில் ‘டிஸ்க் கிளீனப்’ என்று தேடித் திறந்து, சி டிரைவைத் தேர்ந்தெடுத்தபின், கீழே உள்ள ‘கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்’ பொத்தானையும் அழுத்தினால்தான், பழைய அப்டேட்டுகளின் மிச்சங்களும், பல ஜிபி இடத்தை அடைத்துக்கொண்டிருக்கக்கூடிய முந்தைய விண்டோஸ் பதிப்பும் பட்டியலில் தென்படும். பெரிய அப்டேட்டுக்குப் பின் பழைய பதிப்புக்கே திரும்ப எண்ணுபவர்கள் அந்த முந்தைய பதிப்பை மட்டும் தொடாமல் விட வேண்டும். அதற்கான கெடு பொதுவாக 10 நாள்கள்தாம்.

அதே பட்டியலில் ‘டவுன்லோட்ஸ்’ என்ற வரியும் இருக்கக்கூடும். அதில் டிக் வைத்துவிட்டால் அந்த ஃபோல்டரில் உள்ளவை ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாமல் நேரடியாக அழிந்துவிடும் என்பதால், மின்கட்டண ரசீது முதல் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் வரை எல்லாவற்றையும் அங்கேயே போட்டுவைக்கும் பழக்கமுள்ள நாம் (நானும் அப்படித்தான்) அதை ஒருமுறை திறந்து பார்த்துவிடுவது நல்லது.

வீடியோக்களை எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுபவர்கள், அங்கே அவை சரியாக ஓடுகின்றனவா என்று பார்த்த பிறகே கணினியில் அழிக்க வேண்டும். அழித்த பிறகும், ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யும்வரை சி டிரைவில் இடம் அதிகரிக்காது.