பொது மருத்துவரிடம் மனச்சோர்வுக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெஞ்சு படபடக்கிறது, தூக்கமில்லை, வயிற்றில் வாயு, கை கால் அசதி. ஆண்டுக்கணக்கில் மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் இருப்பவர்கள் பொது மருத்துவரிடம் சொல்வது பெரும்பாலும் இவற்றைத்தான். இசிஜி எடுக்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள், எல்லாம் சரியாக இருக்கிறது. "ஒன்றுமில்லை அம்மா, வெறும் டென்ஷன்தான்" என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுகிறார் டாக்டர். சில மாதம் கழித்து அதே அம்மா வேறொரு கிளினிக்கில், அதே படபடப்போடு உட்கார்ந்திருக்கிறார்.

இதில் பாதித் தவறு டாக்டருடையது. மீதி நம்முடையது. முழங்கால் வலியை விலாவாரியாகச் சொல்கிற நாம் மனதைப் பற்றி வாய் திறப்பதில்லை; திறந்தாலும், சீட்டை வாங்கிக்கொண்டு கதவருகே போன பிறகுதான். "எதிலும் பிடிப்பில்லை டாக்டர், ரொம்ப நாளாக இப்படித்தான் இருக்கிறது" என்பதை உட்கார்ந்தவுடன் சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு அவர் கேட்கிற கேள்விகளே மாறிவிடும். மனச்சோர்வின் அளவைப் பார்க்க பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்விகள் கொண்ட தாளைக் கொடுக்கலாம். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய கேள்விகள் அவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் விஷயத்தை அப்படியே விட்டுவிடக் கூடாது. தைராய்டுக்கும் ரத்தசோகைக்கும் ஒரு பரிசோதனை செய்வது நியாயம். அது சரியாக இருந்தால் ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதைத் தாண்டிப் போகிற டாக்டர்களும் உண்டு, பொய்யாகப் பதில் எழுதுகிற நோயாளிகளும் உண்டு. கேட்டால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடும் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை. எண்ணம் இருந்தால் மனநல மருத்துவரிடம் உடனே போக வேண்டும். இரவு நேரமானாலும் 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணை, எப்போதும் அழைக்கலாம்.

மாமியாரையோ கணவரையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேசுவதும் பெரிய தவறு. கேள்வி உங்களிடம் வரும், பதில் அவர்களிடமிருந்து போகும். "பத்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும்" என்று கேட்பது உங்கள் உரிமை. நல்ல டாக்டர் நீங்கள் கேட்கும் முன்பே அவர்களை வெளியே அனுப்பிவிடுவார்.

அடுத்தது, பழகிப் போய்விடுவது. மிதமான சோர்வு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் விடாமல் இருந்தால் அதுவும் நோய்தான், சிகிச்சை உண்டு. "அவள் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்" என்று வீட்டில் முத்திரை குத்திவிட்டால், அவளும் அதையே நம்பிவிடுகிறாள்.

எனக்கு அதிகம் எரிச்சல் தருவது, கவுன்சலிங் என்ற பெயரில் நடக்கும் உபதேசம். "உங்களைவிடக் கஷ்டப்படுகிறவர்களைப் பாருங்கள், கோயிலுக்குப் போங்கள், யோகா செய்யுங்கள்." இதைச் சொல்ல வீட்டிலேயே நான்கு பேர் இருக்கிறார்கள். முறையான ஆலோசனை எப்படி இருக்கும் என்பதற்கு கோவாவைப் பார்க்கலாம். அங்கே பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களிடம் ஒரு முறையைச் சோதித்தார்கள். ஆலோசனை சொன்னவர்கள் உளவியல் படித்தவர்கள் அல்லர், பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். 2017-இல் வெளிவந்த முடிவின்படி, மூன்று மாதத்தில் அந்த ஆலோசனை பெற்றவர்களில் 64 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு தணிந்திருந்தது. சற்று மேம்படுத்திய வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம்.

அந்த முறையின் அடிப்படை எளிது. சோர்வு வந்தவர் ஒவ்வொன்றாக வேலைகளை விடுகிறார். விடவிட மனம் இன்னும் அமிழ்கிறது. உற்சாகம் வந்த பிறகு எழுந்திருக்கலாம் என்று காத்திருந்தால் அது வராது, முதலில் எழுந்திருக்க வேண்டும். முன்பு மாலையில் பூத்தொடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தவர் இப்போது ஐந்து மணிக்கே விளக்கை அணைத்துப் படுத்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆலோசகர் அந்த ஐந்து மணியைப் பிடித்துக்கொள்வார். செவ்வாய்க்கிழமை பத்து நிமிடம் திண்ணையில் உட்கார வேண்டும், அவ்வளவுதான் வேலை. உட்காரும் முன் மனம் எப்படி இருந்தது, பிறகு எப்படி இருந்தது என்று தாளில் குறித்துவர வேண்டும். அடுத்த முறை அந்தத் தாளைப் பார்த்துத்தான் பேச்சே தொடங்கும். உட்காரவில்லையென்றால் திட்டு கிடையாது. எது தடுத்தது என்று இருவரும் சேர்ந்து பார்ப்பார்கள்.

இப்படி ஆறு முதல் எட்டு அமர்வுகள். நம்மில் பலர் இரண்டாவதோடு நின்றுவிடுகிறோம், "வெறும் பேச்சுத்தானே" என்று. குறிப்பெழுதாமல் போவதும் அதே கணக்குத்தான். ஆலோசகரைத் தேர்ந்தெடுக்கும்போது படிப்பையும் பயிற்சியையும் கேட்கத் தயங்காதீர்கள். மருத்துவ உளவியலாளர் என்று போர்டு வைத்திருப்பவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

மாத்திரை விஷயத்தில் இரண்டு தவறுகள். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் சில நாளில் வருவது குமட்டலும் தலைவலியும்தான். அதைப் பார்த்துப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். தாக்குப்பிடித்தவர்கள் மனம் தெளிந்தவுடன் நிறுத்துகிறார்கள். தெளிந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், பலமுறை வந்தவர்கள் இன்னும் அதிக காலம். நிறுத்துவதும் டாக்டர் சொன்னபடி படிப்படியாகத்தான். ஒரு காலத்தில் அளவுக்கு மீறிய உற்சாகமும் தூக்கமே வேண்டாத வேகமும் இருந்திருந்தால், மாத்திரை தொடங்கும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும். அது இருதுருவ மனநோயாக (பைபோலார்) இருக்கலாம், அந்த நோய்க்கு மருந்து வேறு.

இன்னொன்று அல்ப்ரசோலம் போன்ற மாத்திரைகள். போட்ட அரை மணியில் பதற்றம் அடங்குவதால் மனச்சோர்வு மாத்திரையைவிட இதன் மேல்தான் மக்களுக்குப் பிரியம். பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் மாதாமாதம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். சில வாரத்துக்கு மேல் போனால் உடல் பழகிவிடும், அளவு கூடும், திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். ஏற்கெனவே நெடுநாளாகப் போட்டுவருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றிரவே நிறுத்திவிட வேண்டாம். எத்தனை நாளாக, எத்தனை மில்லிகிராம் என்று எழுதிக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். அவர் பல வாரம் எடுத்துச் சிறிது சிறிதாகக் குறைப்பார்.