செட்டிநாட்டு வீட்டில் எதைச் சேர்க்கலாம், எதைத் தவிர்க்கலாம்

செட்டிநாட்டில் ஒரு வீட்டுக்குப் புதிதாக எதையேனும் சேர்க்க நினைப்பவர், கொத்தனாரை அழைப்பதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை கண்டுகொள்ள வேண்டும். அந்த வீட்டில் ஆண்டுக்கு எத்தனை நாள், யார் தங்கப் போகிறார்கள்? நாளை விற்க நேர்ந்தால் வாங்க வருபவர் யார்? இவ்விரண்டுக்கும் விடை தெரியாமல் செய்யும் செலவு, பெரும்பாலும் வசதியையும் தருவதில்லை, விலையிலும் திரும்பி வருவதில்லை.

காரைக்குடியின் புதிய குடியிருப்புப் பகுதியில் 1200 சதுர அடி மனையில் உள்ள கான்கிரீட் வீட்டை வாங்க வருபவர், பெரும்பாலும் வங்கிக் கடன் பெற்று அங்கேயே குடியேற எண்ணும் குடும்பத்தினர். கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ தேவகோட்டையிலோ உள்ள முகப்பும், முற்றத்தைச் சுற்றி அறைகள் அமைந்த வளவும் கொண்ட பழைய வீட்டுக்கு வருபவர்கள் வேறு வகையினர். விடுதி நடத்த எண்ணுபவர் ஒருவர். தம் பங்கோடு பிறர் பங்கையும் சேர்த்து வாங்க நினைக்கும் பங்காளி இன்னொருவர். தூணையும் நிலையையும் கதவையும் பிரித்து விற்க வருபவர் மூன்றாமவர். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த மூன்றாமவரைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. அவர் பர்மாத் தேக்கின் கனஅடியைத்தான் எண்ணுவார். நீங்கள் கட்டிய குளியலறைக்கு ஒரு ரூபாயும் தர மாட்டார். முதல் இருவர்தாம் வீட்டை வீடாக மதிப்பவர்கள். செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றதற்குக் காரணமான அதே முழுமைக்குத்தான் அவர்களும் விலை தருகிறார்கள். ஆகவே பழைய வீட்டில் சேர்ப்பது எதுவாயினும், பின்னொரு நாள் சுவடின்றி எடுத்துவிடக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதே என் முதல் அளவுகோல்.

பத்திரமும் பங்கும்

வளவைச் சுற்றியுள்ள அறைகளை மகன்களுக்கு ஒவ்வொன்றாக ஒதுக்கிய வீடுகளில், பேரன் தலைமுறைக்கு வரும்போது ஒரே கூரையின் கீழ் பத்துப் பதினைந்து பங்குகள் இருப்பது இங்கே இயல்பு. அத்தகைய வீட்டில் ஒருவர் தம் பணத்தைப் போட்டு எதையேனும் கட்டினால், அது யாருக்குச் சொந்தம், விற்கும்போது அந்தத் தொகையைத் தனியாகக் கழித்துக்கொள்ளலாமா என்பவற்றை முன்கூட்டியே எழுத்தில் வைத்துக் கையொப்பம் பெற வேண்டும். தமிழ்நாட்டில் 1989-இலும் நாடு முழுவதும் 2005-இலும் வந்த வாரிசுரிமைத் திருத்தங்களுக்குப் பிறகு, மகள்களின் பங்கையும் இந்தக் கணக்கில் கொள்ள வேண்டும். வாய்மொழிச் சம்மதம் திருமணத்துக்கோ முன்னோர் வழிபாடான படைப்புக்கோ எல்லாரும் கூடும் வரையில் தாங்கும். விற்பனை என்று வந்தால் தாங்காது.

தனி வீடு உடையவருக்குப் பங்காளிச் சிக்கல் இல்லாவிட்டாலும் வரைபட அனுமதிச் சிக்கல் உண்டு. மாடியில் ஓர் அறையோ வாடகைக்கு ஒரு போர்ஷனோ எழுப்பினால், உள்ளாட்சி அனுமதி பெற்று, சொத்து வரியிலும் அதைச் சேர்த்துவிட வேண்டும். வாங்குபவரின் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் அனுமதியில்லாத பகுதியை மதிப்பில் சேர்க்காமல் விடக்கூடும். அப்போது அந்த அறைக்கான பணத்தை வாங்குபவர் கைக்காசாகத் தர நேரும் என்பதால், அதைக் காட்டியே விலையைக் குறைப்பார்.

குளியலறை: முதற்செலவு இதற்கே

பழைய வீடுகளில் கழிப்பறை தோட்டத்துக் கடைசியில் இருந்த காலம் போய்விட்டது. முதியவர் ஒருவர் இரவில் வீட்டின் அடுத்தடுத்த பகுதிகளான மூன்று கட்டுகளையும் கடந்து, உயரமான நிலைப்படிகளைத் தாண்டிச் செல்ல வேண்டியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் குடும்பமே ஊர்ப் பயணத்தைச் சுருக்கிக்கொள்வதை இங்கே பலரும் அறிவர். விடுதிக்காரர் முதலில் கேட்பதும் குளியலறை எத்தனை என்பதே. வசதியும் விலையும் ஒரே செலவில் கூடுவது இந்த ஓர் இனத்தில்தான் என்பேன்.

ஆனால் எங்கே கட்டுவது என்பதில் கவனம் வேண்டும். வாசற்கதவிலிருந்து பின்கதவு வரை ஒரே நேர்கோட்டில் திறப்புகள் அமைந்திருப்பது அழகுக்காக மட்டுமன்று; முற்றத்தில் சூடேறிய காற்று மேலெழ, அந்தத் திறப்புகளின் வழியே புதுக்காற்று உள்ளே வருகிறது. அந்தக் கோட்டின் மீது குளியலறைச் சுவரை எழுப்பினால் வீடு முழுவதும் புழுங்கும். வளவு அறை ஒன்றின் பாதியைத் தடுத்துக் குளியலறையாக்குவதும் தவறு. ஈரம் சுண்ணாம்புச் சுவரில் ஏறும், அறையும் கெடும். இரண்டாங்கட்டின் பக்கவாட்டில், வெளிச்சுவரை ஒட்டித் தனி அடித்தளத்தில் எழுப்பி, ஏற்கெனவே உள்ள சன்னல் அல்லது கதவுத் திறப்பு ஒன்றை வழியாக்கிக்கொள்வதே நல்லது. குழாய்களை வெளிச்சுவரின் மேலேயே கொண்டுசெல்ல வேண்டும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துக் கண்ணாடிபோல் மெருகேற்றிய பூச்சைக் குழாய்க்காகக் கொத்திவிட்டால், அதை அதே தரத்தில் மீண்டும் பூசக்கூடிய கைகள் இன்று அரிது.

குளியலறையின் உள்ளளவு ஐந்துக்கு ஏழு அடிக்குக் குறையக்கூடாது. கதவு மூன்றடி அகலத்தில் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் வழுக்கி விழுந்தால் உள்நோக்கித் திறக்கும் கதவை அவருடைய உடலே அடைத்துக்கொள்ளும். வாசற்படி வேண்டா, சிறு சரிவு போதும். கழிப்பறைக் கோப்பையின் பக்கத்துச் சுவரில் கைப்பிடிக் கம்பி, சொரசொரப்பான தரை ஓடு, இரவு விளக்குக்கு ஒரு சுவிட்ச் ஆகியவற்றுக்கு ஆகும் செலவு சிறியது. செப்டிக் டேங்கைக் கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி அமைக்க வேண்டும். தோட்டத்தில் இடம் குறுகியிருந்தால், குளியலறையின் இடத்தை முடிவு செய்வதே இந்த அளவுதான்.

வெப்பம்

குரங்கும் தூசியும் மழைச்சாரலும் வருகின்றன என்று முற்றத்தின் மேல் பாலிகார்பனேட் தகடு போட்டு மூடுவது இப்போது பரவலாகியிருக்கிறது. இதை நான் முற்றாகவே மறுக்கிறேன். தகட்டின் வழியே வெயில் உள்ளே வருகிறது. சூடான காற்று வெளியேற வழியில்லை. சித்திரையில் வளவில் உட்கார முடியாது. இரும்புக் கம்பி வலை குரங்கைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது. சாரலும் தொல்லை என்றால், ஓட்டு விளிம்புக்கு மேல் இரண்டு மூன்று அடி உயர்த்தி, நாற்புறமும் திறந்துவிட்ட கூரையாக அமைக்கலாம். இதையும் போல்ட் போட்டு நிறுத்த வேண்டும், சுவரில் புதைக்கக் கூடாது.

ஏசி வேண்டுமென்றால், படுக்கையறை ஒன்றுக்கோ இரண்டுக்கோ போதும். அதற்கு முன் வயரிங்கை மாற்றுங்கள். மரப்பட்டியில் ஓடும் பழைய வயர் ஏசியின் சுமையைத் தாங்காது. எர்த்திங்கும், மின்கசிவு ஏற்பட்டவுடன் இணைப்பைத் துண்டிக்கும் கருவியும் இல்லாத வீட்டில் ஏசி, கீசர் இரண்டுமே ஆபத்து. வெளி யூனிட்டை முகப்பில் தொங்கவிடாமல் பக்கச் சந்தில் வைக்க வேண்டும். சுண்ணாம்புச் சுவரில் பழுது இருந்தால் சுண்ணாம்பாலேயே பூச வேண்டும். சிமென்ட் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்துவிடுவதால், சில ஆண்டுகளில் உப்புப் பூத்துப் பொரிந்து விழும்.

கான்கிரீட் வீட்டில் வெப்பத்தின் பெரும்பகுதி மேல்தளத்தின் வழியே இறங்குகிறது. வெள்ளைத் தரை ஓடு அல்லது வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு மலிவான தீர்வு. மொட்டை மாடியில் ஏழெட்டு அடி உயரத்தில் பக்கங்கள் திறந்த ஷீட் கூரை போட்டால், கீழ்த்தளமும் குளிரும், வற்றல் காயவைக்கவும் விசேஷத்துக்குப் பந்தி போடவும் இடம் கிடைக்கும்.

தரை

ஆத்தங்குடிக் கல் எனப்படும் தரை ஓட்டைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியின் மேல் அச்சு வைத்து நிறக்கலவையை ஊற்றி, மணலும் சிமென்டும் இட்டு, நீரில் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். ஆகவே புளிப்புப் பட்டால் அரிக்கும். கூடம், முகப்பு, படுக்கையறை ஆகியவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான புதுத் தரை இல்லை. நடக்க நடக்க மெருகேறும். குளியலறைக்கும் ஆசிட் ஊற்றிக் கழுவும் எந்த இடத்துக்கும் இது ஆகாது. பழைய ஆத்தங்குடித் தரையின் மேல் கிரானைட்டோ வழுவழுப்பு டைல்ஸோ ஒட்டுவது, பணம் கொடுத்து விலையைக் குறைத்துக்கொள்வதாகும். உடைந்த கற்களை மட்டும் அதே வடிவத்தில் செய்து தரச் சொல்லி மாற்றலாம். ஆர்டர் கொடுக்கும்போது இரண்டு டஜன் கூடுதலாக வாங்கி வைப்பது நல்லது, ஏனெனில் அடுத்த முறை அதே நிறம் அமைவது அரிது.

தண்ணீர், சூரிய மின்சாரம், கார்

வீடு பார்க்க வருபவர் தண்ணீரைப் பற்றிக் கேட்காமல் போவதில்லை. 1000 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 900 லிட்டர் தண்ணீர் விழுகிறது; ஐப்பசி, கார்த்திகை மழையைக் கிணற்றுக்குத் திருப்பும் பழைய வாய்க்கால்களைத் தூர் வாரி, வடிகட்டும் தொட்டி ஒன்று கட்டினாலே போதும். மழைநீர் சேகரிப்புத் தமிழ்நாட்டில் 2003 முதல் கட்டாயம்.

சூரிய மின் தகடு, ஆண்டு முழுவதும் ஆள் இருக்கும் வீட்டுக்கே பொருந்தும். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் மொத்தமாக 78,000 ரூபாயும் மானியமாக அறிவிக்கப்பட்டன. கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி தேவை. பூட்டியே கிடக்கும் வீட்டில் போடுவது வீண். ஓட்டுக் கூரையில் போடவே வேண்டா.

புதிய வீட்டில் கார் நிறுத்த இடமில்லையென்றால் வாங்குபவர் பாதியிலேயே திரும்பிவிடுவார். பழைய வீட்டில் திண்ணையை இடித்துக் கார் ஏற்றாதீர்கள். பின்தெருப் பக்கம் தோட்டத்தில் கொட்டகை போடுங்கள்.

பில்

இந்த வேலைகளின் பில்களையும் வங்கி வழியே பணம் கொடுத்த சான்றுகளையும் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். வீட்டை விற்கும்போது மூலதன ஆதாய வரிக் கணக்கில் மேம்பாட்டுச் செலவைக் கழிக்க முடியும். வெள்ளையடித்தது போன்ற பராமரிப்புச் செலவு இதில் வராது, புதிதாகக் கட்டிய குளியலறை வரும். 2001 ஏப்ரல் 1-க்கு முன் கிடைத்த பூர்வீக வீடாக இருந்தால், அந்த நாளின் சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அதற்குப் பின் செய்த மேம்பாடுகளை மட்டுமே அதன் மேல் கூட்டலாம். பங்குள்ள வீடாயின், பில் யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரிலேயே பணமும் சென்றிருக்க வேண்டும்.