லேசர் செய்த மாற்றமா, எக்ஸ் கதிர் செய்த சேதமா? காலம்சார் புரதப் படிகவியலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புரதப் படிகத்தை லேசர் துடிப்பால் தூண்டி, குறித்த இடைவெளிக்குப் பின் எக்ஸ் கதிரைச் செலுத்தி, அந்தக் கணத்தில் அணுக்கள் எங்கெங்கே இருந்தன என்று அறிவதே காலம்சார் படிகவியல். ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் கோலஜன் என்ற இணைப்புத்திசுப் புரதத்தின் முப்புரி அமைப்பை முன்வைத்த சென்னையில் இன்று இத்துறையைப் பயிலும் மாணவருக்குச் சின்க்ரோட்ரான் (எலெக்ட்ரான்களைச் சுழலவிட்டுச் செறிவான எக்ஸ் கதிர் தரும் நிலையம்) கற்றை வேண்டுமெனில், இந்தூருக்கோ வெளிநாட்டுக்கோ செல்ல வேண்டும். அங்கே கிடைக்கும் நேரமும் சொற்பமே. அந்த அவசரத்தில்தான் முதல் தவறு நேர்கிறது: ஒரே படிகத்தில் முதலில் லேசர் படாத இருள் தரவையும், அடுத்து ஒரு மைக்ரோ விநாடி, பத்து மைக்ரோ விநாடி, நூறு மைக்ரோ விநாடி என்று ஏறுவரிசையில் லேசர் பட்டபின் எடுக்கும் ஒளித் தரவுகளையும் எடுத்துவிடுகிறார்கள்.

இடைவெளி கூடக்கூடப் படிகம் உறிஞ்சிய கதிரளவும் கூடிக்கொண்டே வருவதால், சேதமானது வேதிவினையின் வேகத்தைப் போலவே வேடமிட்டு வருகிறது. இடைவெளிகளை வரிசை குலைத்து எடுப்பதும், ஒளித் தரவுக்கு ஈடான கதிரளவு பெற்ற இருள் தரவோடு மட்டுமே ஒப்பிடுவதும் இதற்கு மருந்து. ஒளித் தரவிலிருந்து இருள் தரவைக் கழித்து வரையும் வேறுபாட்டு வரைபடத்தில் முதலில் வினைமையத்தைப் பார்க்கும் ஆசையை அடக்கி, எக்ஸ் கதிரால் எளிதில் சேதமடையும் டைசல்ஃபைட் பிணைப்புகளின் கந்தக அணுக்களையும், அஸ்பார்டிக், குளுடாமிக் அமிலங்களின் கார்பாக்சில் முனைகளையும் பார்க்க வேண்டும். அங்கே எலெக்ட்ரான் அடர்த்தி குறைந்திருந்தால், வினைமையத்தில் தெரியும் மாற்றத்தையும் சந்தேகித்தே ஆக வேண்டும்.

இரண்டாவது தவறு, 30 மெகாகிரே (கிரே என்பது உறிஞ்சிய கதிரளவின் அலகு, மெகாகிரே அதன் பத்து லட்சம் மடங்கு) என்ற வரம்பை எங்கும் பொருத்துவது. ஃபெரிட்டின் என்ற புரதத்தின் படிகங்களைக் கொண்டு 2006-இல் வகுக்கப்பட்ட அந்த எண், 100 கெல்வினில் (சுமார் −173 டிகிரி செல்சியஸ்) படிகம் சிதறடிக்கும் எக்ஸ் கதிரின் செறிவு எழுபது விழுக்காடாகக் குறையும் கதிரளவைக் குறிப்பது. (மனித உடல் முழுவதும் ஐந்து கிரே பட்டாலே உயிருக்கு ஆபத்து என்பதை நினைத்தால், படிகத்தின் பொறுமை விளங்கும்.) காலம்சார் ஆய்வோ, புரதம் அசைய வேண்டியிருப்பதால், பெரும்பாலும் அறை வெப்பநிலையில் நடக்கிறது, அங்கே தாங்குதிறன் பல பத்து மடங்கு குறைவு. உலோக அணுக்களோ, சிதறல் மங்குவதற்கு வெகு முன்பே எலெக்ட்ரானை ஏற்று ஒடுக்கமடைந்துவிடும். ஒளிச்சேர்க்கைப் புரதமான ஃபோட்டோசிஸ்டம் இரண்டின் மாங்கனீசுத் தொகுதி இதற்குத் தக்க சான்று. கதிரளவை ஊகிக்காமல் ரேடோஸ்-3டி போன்ற நிரலால் கணக்கிடுவதே முறை.

லேசரைக் கூட்டினால் சமிக்ஞை கூடும் என்பதும் பொறிதான். ஒரே மூலக்கூறு பல ஃபோட்டான்களை உறிஞ்சி, இயற்கையில் நிகழாத பாதையில் சென்றுவிடக்கூடும்.

மிகக் குறுகிய, மிகச் செறிந்த எக்ஸ் கதிர்த் துடிப்புகளைத் தரும் எக்ஸ் கதிர்க் கட்டற்ற எலெக்ட்ரான் லேசரில் சேதமே இல்லை என்போரும் உண்டு. ஃபெம்டோ விநாடித் துடிப்பு, அணுக்கள் சிதறுமுன் படமெடுத்துவிடுவது உண்மையே. ஆயினும் துடிப்புக்குள்ளேயே அயனியாக்கம் தொடங்கிவிடுவதால், அதன் நீளத்தையும் செறிவையும் கவனிக்க வேண்டும். அதோடு, தாரையாகப் பாயும் படிகங்களில் லேசர் ஒளி பின்னால் வருபவற்றின் மீதும் கசிந்தால், இருள் என்று குறித்துவைத்த தரவு அரை வெளிச்சத்தில் எடுத்ததாகவே இருக்கும்.